பினாங்கில் குண்டு போட்டது ஜப்பான்காரன் மட்டும் அல்ல

மலேசியாவின் பினாங் தலைநகர் ஜார்ஜ்டவுனைப் பற்றிய அந்த ஒரு நிமிடத் தமிழ் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லார் முகநூல் சுவரிலும் அதுதான். “ஜார்ஜ்டவுனில் இடிந்த பழைய கட்டடமெல்லாம் ஜப்பான் குண்டுக்குப் பலியானவை” என்கிறார் அதில் பேசுகிறவர். பின்னணியில் ஃபார்குவார் சாலை அருங்காட்சியகத்தைக் காட்டுகிறார்!

அந்தக் கட்டடம் பழைய பினாங் ஃப்ரீ ஸ்கூல். 1896-இல் ஒரு பகுதி, 1906-இல் இன்னொரு பகுதி எனக் கட்டியது. அதில் பாதியை இடித்தது 1945-இல் நேசநாட்டு (பிரிட்டன், அமெரிக்கா தரப்பு) விமானங்கள் போட்ட குண்டு. மிச்சப் பாதியில்தான் 1965-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். செயின்ட் சேவியர் பள்ளியும் அப்படித்தான் போனது. மணிக்கூண்டுக்குப் பக்கத்து அரசு அலுவலகக் கட்டடமும் அப்படித்தான்.

திரும்பவும் சொல்கிறேன். ஜார்ஜ்டவுன் இரண்டு முறை குண்டு வாங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பானிடம், 1944–45-இல் நேசநாடுகளிடம். ஜப்பான்காரன் பினாங்கை நீர்மூழ்கிக் கப்பல் தளமாக்கினான். ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இங்கே வந்து நின்றன. அதனால் இந்தியாவிலிருந்து நேசநாட்டு விமானங்கள் வந்தன. வங்காளத்துக் கரக்பூர் பக்கமிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களும் அதில் சேர்த்தி. துறைமுக வாயில் கடலில் கண்ணிவெடி போட்டார்கள், நிர்வாகக் கட்டடங்களைக் குறிவைத்தார்கள். பள்ளிக்கூடமும் போயிற்று.

“ஒரு நிமிட வீடியோவில் இவ்வளவும் சொல்ல முடியுமா?” முடியும். “இது 1945, நேசநாட்டுக் குண்டு.” ஐந்து விநாடி போதும்.

“அப்படியென்றால் ஜப்பான்காரனுக்கு வக்காலத்தா?” இதைத்தான் தாங்க முடியவில்லை. ஜப்பான்காரன் கூலிகளைச் சாகடித்துப் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் கொடுத்த தமிழினத்திடம் கேட்கிற கேள்வியா இது? 1941 டிசம்பர் 11-ஐ நான் மறைக்கவில்லை. விமானம் வருகிறது என்று ஜனங்கள் வீட்டுக்குள் ஓடவில்லை, கடைவீடுகளின் முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நம்ம விமானம் என்று நினைத்தவர்களும் உண்டு. திருப்பிச் சுட விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட ஊரில் இல்லை. முதலில் குண்டு, பிறகு தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கி. கடைவீடுகள் நெருக்கியடித்த தெருக்களில் செத்தவர்களை எடுக்க ஆளில்லாமல் பிணங்கள் நாள்கணக்கில் கிடந்தன. அதைச் செய்தவன் ஜப்பான்காரன். அதைச் சொல்கிற அதே வாயால் 1945-ஐயும் சொல்ல வேண்டும் என்கிறேன். யார் போட்ட குண்டு என்பது செத்தவன் வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. டிசம்பர் 13 இரவு வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் ரகசியமாகக் கப்பலேற்றினார்கள். பின்னாலேயே மற்ற வெள்ளையரும் போனார்கள். தமிழனுக்கும் சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டார்கள். படகுகளையும் விட்டுப் போனார்கள். ஜப்பான்காரன் அவற்றிலேயே மேற்குக் கரையோரம் தெற்கே இறங்கினான்.

அப்போது கார்ன்வாலிஸ் கோட்டையில் ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனி குண்டு போடாதீர்கள் என்று அந்த வானொலியிலேயே ஜப்பான்காரனுக்குச் சொன்னவரும் அவர்தான். ஊரைக் காக்க நின்றது அவரும் அவரோடு இருந்த சிலரும்தான்.

தமிழில் பேசுகிற வீடியோ, அந்தக் கோட்டை வாசலில் நின்று எடுத்த வீடியோ, அதில் இந்தப் பெயர் வரவில்லை. இரண்டாம் பாகம் வருகிறது என்கிறார்கள். அதில் அருங்காட்சியகத்துக்கு 1945 என்று திருத்துங்கள். சரவணமுத்துவின் பெயரை முழுசாகச் சொல்லுங்கள்.