நான் திருடித் தின்னவில்லை

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் நடந்த லோ கார்ப் (மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறை) கூட்டத்தின் வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மூன்று நாளாக போன் நிற்கவில்லை. "டீச்சர், அது நீங்கதானா?" நான்தான். பச்சைச் சேலை, மூன்றாவது வரிசை, கையில் நோட்டு. "அஞ்சு மாசமா எடை நிக்குதுன்னு எழுதிக் குடுத்த அம்மா கொஞ்சம் எந்திரிங்க" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்த தம்பி கூப்பிட்டதும், ஏதோ வழி சொல்லப்போகிறார் என்று நம்பி எழுந்தேன். "மிஷின் பொய் சொல்லாதும்மா. ராத்திரி பத்து மணிக்கு மேல அடுப்படியில லைட்டு எரியுதான்னு வீட்டுல கேட்டாத் தெரியும்" என்றார். மண்டபமே சிரித்தது. நான் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நான் திருடித் தின்னவில்லை. மற்றதெல்லாம் பிறகு.

போன வருசம் செப்டம்பரில் ஆரம்பித்தபோது என் எடை 84.6 கிலோ. வயசு 61. மூணு மாசச் சராசரி சுகர் (HbA1c) 8.1. வலது முழங்கால் வீட்டு வாசல்படி இரண்டையே ஏறவிடாது. சோறு, இட்லி, இடியாப்பம், கிழங்கு, சீனி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஏப்ரலில் 73.4 கிலோ. சுகர் 6.2. டாக்டரே ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். அதோடு நின்றதுதான். இன்றுவரை 73.2-க்குக் கீழே போகவில்லை, 73.9-க்கு மேலே ஏறவில்லை.

இது எப்படித் தெரியும் என்றால், எழுதி வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், பின்கட்டில் ஆட்டமில்லாத ஒரே ஒரு மொசைக் கல்லின்மேல் மிஷினை வைத்து ஏறுவேன். பக்கத்துக் கல்லில் வைத்தால் 300 கிராம் மாறிக் காட்டும், அதனால் அந்தக் கல்லுக்குச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். இறங்கியதும் நோட்டில் தேதி, எடை, முந்தைய நாள் தின்றது. பக்கங்களில் மீன் கவுச்சியும் எண்ணெய்க் கறையும் இருக்கும், ஒரு நாள் விட்டதில்லை. 34 வருசம் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. அந்த நோட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை கையில் வைத்திருந்தேன். அதை வாங்கி ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். அவர் கை நீட்டவே இல்லை.

என்னிடம் கேட்டிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. தைராய்டு பார்த்தீர்களா? என்ன மாத்திரை போடுகிறீர்கள்? தூக்கம் எப்படி? இன்சுலினும் சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் எடையை ஏற்றக்கூடியவை. பிரஷர் மாத்திரையிலும் அப்படிச் சில உண்டு. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை நான் இன்னமும் பாதி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதெல்லாம் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், நாமாக நிறுத்தக்கூடாது. ஆனால் கேட்கவாவது வேண்டாமா? கேட்காமலே திருடி என்று தீர்ப்பு.

எடை ஏன் நிற்கிறது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் அது முதலில் வடிகிறது. அதன் பிறகுதான் கொழுப்பு, அது மெதுவாகத்தான். அப்புறம், 84 கிலோவைச் சுமந்து நடக்க ஆகும் செலவு 73 கிலோவுக்கு ஆகாது. போதாததற்கு உடம்பே செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருசம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். அவர்கள் உடம்பு சும்மா இருக்கையில் செலவழிப்பது, இருக்க வேண்டிய அளவைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருசம் கழித்தும்! அவர்களும் ராத்திரி அடுப்படிக்குப் போனவர்களா?

இதோடு வயசு. மாதவிடாய் நின்ற பிறகு பெண் உடம்பில் கொழுப்பு வயிற்றுக்கு நகர்கிறது. 60-ஐத் தாண்டினால் தசை வேகமாகக் கரைகிறது, தசை கரைந்தால் செலவும் குறைகிறது. அந்தத் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். நாலு மாசத்தில் 22 கிலோ குறைத்தாராம், சந்தோசம், நல்லா இருக்கட்டும். அவர் உடம்பை அளவுகோலாக வைத்து என் உடம்பை அளந்தால் எப்படி?

"எல்லாரும் இப்படித்தான் சாக்கு சொல்வாங்க" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்று. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்து ஒரு வருசம் செய்த ஆய்வில் லோ கார்ப் எடுத்தவர்கள் சராசரியாகக் குறைத்தது 6 கிலோ. நான் 11 கிலோ. அதே ஆய்வில் எடை ஏறியவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் எழுப்பி நிற்க வைக்கவில்லை.

"டீச்சர், தேங்காயும் கடலையும் அளவில்லாமப் போகுதோ?" என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், அதுவும் கைவைக்க முடியாத விலை. வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்கா கூடையில் நாலு சூடையும் கொஞ்சம் காரலும்தான் இருக்கும். அந்த இரண்டு மாதமும் மீன் இருந்த இடத்தைத் தேங்காயும் வறுத்த கடலையும் நெய்யும் பிடித்துக்கொண்டன. நோட்டில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு நாள் 140 கிராம் கடலை. அது தப்புதான். ஜூலையிலிருந்து கடலையைத் தராசில் போட்டு 30 கிராம் என்று நிறுத்தினேன், மீனைக் கூட்டினேன். வயசானவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள், எனக்கு 75-லிருந்து 85 கிராம். ஒரு நாள் ஒன்றரைக் கிலோ சீலா மீன் வாங்கினேன். அந்த அக்கா அரிவாள்மனையில் வைத்து விரல் கனத்துக்குத் துண்டு போட்டுக்கொண்டே, "சோறு இல்லாம இம்புட்டு மீனும் எப்படி டீச்சர் எறங்கும்?" என்றார். இறங்குகிறது அக்கா, எடைதான் இறங்கவில்லை என்றேன். "இடுப்பு எறங்கிருக்கே, நான் பாக்கலயா" என்றார். அதன் பிறகுதான் மறுபடியும் டேப் எடுத்தேன். ஏப்ரலில் 38 அங்குலம் இருந்த இடுப்பு 36.5. எடை நகராத அதே மாதங்களில்! படிக்காத பொம்பளை, கண்ணால் பார்த்துச் சொன்னார். மேடையில் மைக் பிடித்தவருக்கு அது தெரியவில்லை.

"பட்டினி கிடந்தா மிஷின் முள்ளு தானா அசையும்" என்பவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. மே மாதம் அப்படி ஒரு அறிவுரையைக் கேட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியம்வரை சாப்பிடாமல் இருந்தேன். மண்டபம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பையன் சர்பத் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தபோதும் ரத்தத்தில் சர்க்கரை 58தான், ரொம்பக் குறைவு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

"இந்த வயசுல யாருக்காகம்மா குறைக்கிறீங்க?" என்றும் ஒருவர் கேட்டார். என் முழங்காலுக்காக.

இதை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் திருட்டு என்ற சொல் தூங்கவிடவில்லை. என் அம்மா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் வீடும் வள்ளமும் போய், ஒன்றரை வயசுப் பிள்ளையான என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டபம் ஊரில் வந்து ஒதுங்கியவள். கஞ்சிக்கு வரிசையில் நின்றதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அஞ்சு பிள்ளைகள். அகப்பையில் அளந்துதான் ஊற்றுவாள், தனக்கு வழித்த சட்டி. பசித்தால் கேட்போம், இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்போம். ஒருத்தர் பங்கில் ஒருத்தர் கை வைத்ததில்லை. அப்படி வளர்ந்தவளை 400 பேர் நடுவில் நிற்க வைத்து, ராத்திரியில் சட்டியைத் தடவுகிறவள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கட்டியவர் போய் ஏழு வருசம். பத்து மணிக்கு என் அடுப்படியில் லைட் எரியும்தான், தூக்கம் வராமல் வெந்நீர் வைப்பேன். அதைக் கேட்டுச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நேற்று மதுரையிலிருந்து பேரன் பேசினான். ஒன்பது வயசு. "அப்பத்தா, நீ ராத்திரி சோறு திருடித் திம்பியா? சித்தப்பா போன்ல பாத்தேன்" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். நான் இல்லடா என்றேன். "சரி, சரி" என்று சிரித்தான். அவன் நம்பவில்லை.

தம்பி, உங்கள் ஆட்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், நோட்டோடு வருவேன். இன்றைக்குக் காலை 73.4.