எல்லைக்கோட்டுக்கு வெளியே நடந்த போர்

வட வர்ஜீனியாவுக்கு நான் குடிவந்தது 2004-ல். முதல் சில ஆண்டுகள் வாரந்தோறும் சாமான் வாங்கச் சென்றது ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் இருக்கும் ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு. சாலைக்கு எதிர்ப்புறம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில், மரங்கள் அடர்ந்த சிறு துண்டு நிலம் ஒன்று கிடந்தது. நல்ல விலைக்காக யாரோ விற்காமல் வைத்திருக்கும் மனை என்றே நினைத்திருந்தேன். 2008-ல் அதைச் சிறு பூங்காவாகத் திறந்த பிறகுதான் உள்ளே நடந்து பார்த்தேன். இரண்டு நினைவுக் கற்கள் அருகருகே நின்றன. ஒன்றில் கியர்னி, மற்றொன்றில் ஸ்டீவன்ஸ் என்று பெயர். இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதிகள். 1862 செப்டம்பர் 1 அன்று மாலை, இடியும் பெருமழையுமாக இருந்த வேளையில் நடந்த சான்டிலி போரில் இருவரும் அங்கே உயிரிழந்தார்கள். அந்தப் போர்க்களத்தில் இன்று எஞ்சியிருப்பது ஐந்து ஏக்கர் கூட முழுசாக இல்லை. மிச்சம் முழுவதும் வீடு, கடை, சாலை, வாகன நிறுத்துமிடம். இத்தனை ஆண்டுகளாக நான் வண்டி நிறுத்தியது எந்த மண்ணின் மேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சான்டிலி கைவிட்டுப் போன விதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் 1987-ல் உள்நாட்டுப் போர்க் களங்களைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் மற்றோர் அமைப்புடன் இணைந்து, இன்று அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அந்த அறக்கட்டளை, இதுவரை 50,000 ஏக்கருக்கும் அதிகமான போர் நிலங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும், அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 1993-ல் முக்கியமானவை என்று பட்டியலிட்ட 384 களங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளாகவே மீட்க முடியாத அளவுக்கு அழிந்துவிட்டிருந்தது.

இந்தப் பதிவு சான்டிலியைப் பற்றியதன்று. அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், நான் இப்போது குடியிருக்கும் பிரின்ஸ் வில்லியம் கவுன்டியில் உள்ள மனாசஸ் களத்தைப் பற்றியது. 1861 ஜூலை 21 அன்று உள்நாட்டுப் போரின் முதல் பெரிய மோதல் அங்கே நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 28 முதல் 30 வரை, அதே மண்ணில் அதைவிடப் பல மடங்கு கொடிய இரண்டாவது போர் நடந்தது. 1940-ல் தேசியப் பூங்கா நிறுவப்பட்டபோது, போர் எங்கெல்லாம் நடந்ததோ அதையெல்லாம் அளந்து எல்லை வரையவில்லை. கையில் எந்த நிலம் கிடைத்ததோ அதை வைத்து வரைந்தார்கள். பிறகு சிறிது சிறிதாக விரிந்து இப்போது சுமார் 5,000 ஏக்கர் இருக்கிறது. அன்று வசதிக்காகப் போட்ட அந்தக் கோட்டைத்தான், வரலாறு அத்துடன் முடிந்துவிட்டது என்பதற்குச் சான்றாக ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது எடுத்துக் காட்டுகிறார்கள்.

1988-ல் பூங்காவை ஒட்டிய ஸ்டூவர்ட் குன்றில் மாபெரும் வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது, 'அது பூங்காவுக்கு வெளியே இருக்கிறதே' என்றார்கள். இரண்டாவது போரின்போது தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ தலைமையிடமாகக் கொண்டிருந்த குன்று அது. ஆனி ஸ்னைடர் என்ற உள்ளூர்ப் பெண்மணி முன்னின்று நடத்திய போராட்டம் வாஷிங்டன் வரை போனது; இயந்திரங்கள் மண்ணை வெட்டத் தொடங்கிவிட்ட நிலையில், அந்த 500-க்கும் மேற்பட்ட ஏக்கரை நாடாளுமன்றம் சட்டமியற்றி நேரடியாகக் கையகப்படுத்தியது. அதற்கு இழப்பீடாக மக்கள் வரிப்பணத்திலிருந்து கடைசியில் போனது 13 கோடி டாலர் அளவு. விளைநிலமாக இருந்தபோதே வாங்கியிருந்தால் இதில் சிறு பங்கில் முடிந்திருக்கும். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1993-ல், சில மைல் தள்ளி ஹேமார்க்கெட்டில் அமெரிக்க வரலாற்றையே கருப்பொருளாகக் கொண்ட கேளிக்கைப் பூங்கா அமைக்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. உண்மைக் களத்துக்குப் பக்கத்தில் அதன் பொம்மை வடிவத்துக்குச் சீட்டு விற்கும் அந்த யோசனையை யார் மேசையில் வைத்தார்களோ, அவர்களின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். வரலாற்றாசிரியர்கள் திரண்டு எதிர்த்ததில் 1994 செப்டம்பரில் நிறுவனம் பின்வாங்கியது.

இப்போது வந்திருப்பது, இணையத்தைத் தாங்கும் கணினிகளை அடுக்கிவைக்கும் தரவு மையங்களின் முறை. பூங்காவின் மேற்கு எல்லையில் ஓடும் பேஜ்லேண்ட் சாலையை ஒட்டிய சுமார் 2,100 ஏக்கரில், 'டிஜிட்டல் கேட்வே' என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட தரவு மையக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் இது. 2023 டிசம்பரில், 27 மணி நேரம் நீண்ட கூட்டத்துக்குப் பின், கவுன்டி மன்றம் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அனுமதி அளித்தது. 2025 ஆகஸ்டில், முறையான பொது அறிவிப்பு தரப்படவில்லை என்ற காரணத்தால் அந்த அனுமதி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. திட்டம் சறுக்கியது அறிவிப்பு நடைமுறையில்தான். அந்த நிலம் யாருக்கு என்ன என்ற கேள்வி தொடப்படவே இல்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் இந்தத் தொழிலிலிருந்துதான் வருகிறது. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரேனும் ஏதோ ஒரு வழியில் இந்தக் கட்டடங்களுக்குள் ஓடும் வழங்கிகளை நம்பித்தான் வீட்டுக்கடன் கட்டுகிறோம். இந்தப் பதிவும் அப்படி ஒன்றில்தான் போய் உட்காரப்போகிறது. ஆகவே தரவு மையமே வேண்டாம் என்று நான் சொன்னால் அது வேடம். நான் கேட்பது இடத்தைப் பற்றி மட்டுமே. தரவு மையத்துக்கு மின்சாரம், கண்ணாடியிழைத் தடம், நீர், நிலம் ஆகியவை வேண்டும். இவற்றை வேறு இடத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஒரு போரை இடம் மாற்ற முடியாது.

போர்க்களத்தில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் புல்வெளிதானே என்று பலர் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பூங்காவின் நடுவே உள்ள ஹென்றி குன்றில் ஒருமுறை வடக்குப் படையின் பீரங்கிகள் நின்ற இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் நடந்து பாருங்கள். வரைபடத்தில் சமதளமாகத் தெரியும் அந்தத் திடல், காலடியில் மெல்ல ஏறி, ஒரு முகட்டைத் தாண்டியதும் இறங்குகிறது. 1861-ல் நடந்த முதல் போரில், அந்த இறக்கத்தில்தான் தென்தரப்புத் தளபதி ஜாக்சன் தம் படையைப் படுக்கவைத்திருந்தார். இங்கிருந்து பார்த்தால் அவர்கள் தென்படமாட்டார்கள். அதை அறியாமல் வடக்குப் படையின் பீரங்கி அதிகாரிகளான கிரிஃபினும் ரிக்கெட்ஸும் பதினோரு பீரங்கிகளைச் சுமார் 300 கஜம் வரை முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது பக்கவாட்டிலிருந்து நீலச்சீருடையில் ஒரு படைப்பிரிவு நடந்துவந்தது. சுடலாமா என்று கிரிஃபின் கேட்க, அவர்கள் நம்மவர்கள் என்று மேலதிகாரி தடுத்துவிட்டார். வந்தவர்கள் வர்ஜீனியாவின் 33-ஆம் படைப்பிரிவு. தென்தரப்பிலும் அப்போது சிலர் நீலம் உடுத்தியிருந்தார்கள். சில நிமிடங்களில் அந்தப் பீரங்கிக் குழு சிதைந்தது. இதைப் படித்தபோது எனக்குப் புரியாதது, அந்தச் சரிவில் நின்றபோது புரிந்தது. இரண்டடி மேடு ஒரு நாட்டின் போக்கையே மாற்றியிருக்கிறது என்றால், அந்த மேடுதான் ஆவணம். கோயிலையும் கோட்டையையும் கல் காப்பாற்றும். போர்க்களத்துக்கு நிலத்தின் ஏற்ற இறக்கமும் பார்வைத் தூரமும் தவிர வேறு சொத்து கிடையாது.

பார்வைத் தூரம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டாவது போர் தொடங்கிய பிரானர் பண்ணையில் 1862 ஆகஸ்ட் 28 அன்று மாலை, இரு தரப்பும் எண்பது கஜ இடைவெளியில், திறந்த வெளியில், மறைவு ஏதும் தேடாமல் நின்று இருட்டும்வரை சுட்டுக்கொண்டன. களமிறங்கியவர்களில் மூன்றில் ஒருவர் விழுந்தார். அந்தத் திறந்த வெளியின் மேற்கு விளிம்பில்தான் இந்தத் தரவு மையக் கட்டடங்களை எழுப்பத் திட்டமிட்டார்கள். நாங்கள் மரம் நட்டு மறைத்துவிடுகிறோம் என்று நிறுவனங்கள் உறுதி சொல்கின்றன. மறைப்பு இல்லாததே கதையாக இருக்கும் இடத்தில் மரம் நட்டு மறைப்பதும் ஒரு சிதைவுதான்.

அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்களின் களத்தை எதற்குக் காக்க வேண்டும் என்று என் மகள் கேட்டாள். கல்லூரியில் படிப்பவள், கேள்வி நியாயமானது. 1940-ல் வர்ஜீனியா மாநிலம் ஹென்றி குன்றில் நிறுவிய ஜாக்சன் சிலையைப் பார்த்தால், மார்பு புடைத்த புராண வீரனைப் போலக் குதிரைமேல் வீற்றிருப்பார். அது வரலாறன்று, ஒரு தரப்பின் ஆசை. ஆனால் அந்தச் சிலைக்குச் சற்றுத் தள்ளி, ஜேம்ஸ் ராபின்சன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் வீட்டு அடித்தளம் இருக்கிறது. மறுபுறம், படுத்த படுக்கையாகக் கிடந்து, குண்டுபட்டு இறந்த ஜூடித் ஹென்றி என்ற முதியவளின் கல்லறை இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே நடையில் பார்க்கிறவர்களிடம் சிலையின் பொய் செல்லாது. நிலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிலையும் அதன் தரப்பும் மட்டுமே.

நில உரிமையாளர்களை வில்லன்களாகக் காட்டுவதையும் நான் ஏற்கவில்லை. பேஜ்லேண்ட் சாலையில் வசிப்பவர்கள் பலர் தாங்களே முன்வந்து இந்தத் திட்டத்தைக் கேட்டார்கள். அவர்கள் பண்ணைகளின் குறுக்கே உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் வந்தபோது யாரும் வரவில்லை. இன்று ஏக்கருக்குப் பத்து லட்சம் டாலரை நெருங்கும் விலை பேசப்படும்போது மட்டும் வரலாற்றைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுக்க எல்லோரும் வருகிறோம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்கான விடை, நிலம் விவசாய விலையில் இருக்கும்போதே அரசும் அறக்கட்டளையும் முறையான விலை கொடுத்து வாங்குவது. இல்லையேல், உரிமையாளர் நிலத்தைத் தம்மிடமே வைத்துப் பயிரிட்டுக்கொண்டு, கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பணத்துக்கும் வரிச்சலுகைக்கும் ஈடாகத் தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் பத்திரம் மூலம் விட்டுக்கொடுப்பது. இந்த நாட்டில் இது பல இடங்களில் நடப்பதுதான். மனாசஸின் மேற்குப் பகுதியில் மட்டும் உரிய காலத்தில் போதிய அளவு நடக்கவில்லை.

அந்த டிசம்பர் கூட்டத்தில் நானும் பேசப் பதிவு செய்திருந்தேன். என் முறை வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் பேசிய முதிய விவசாயி, 'இந்த மண்ணை நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டது நான், நீங்கள் இல்லை' என்று மன்றத்தைப் பார்த்து அல்ல, எங்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு அமர்ந்தார். எழுதிக்கொண்டு போயிருந்த உரையை நான் வாசிக்கவில்லை. ஹென்றி குன்றின் அந்தச் சரிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அவருக்கு உரிய விலையை இதே மன்றம் பத்தாண்டுகளுக்கு முன்பே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பேச்சு நேரம் முடிந்து விளக்கு சிவப்பானது, அடுத்தவரை அழைத்தார்கள்.