இன்டர்ன்ஷிப்பா, இலவச ஆள் சப்ளையா?

ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் கிரெடிட், கிரெடிட் வந்தால்தான் டிகிரி. அதனால் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனி. என்ன டிசைன் செய்கிறேன் என்று கேட்கிறீர்களா? ட்ரிம் கார்டில், அதாவது ஆடைக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களின் மாதிரி அட்டையில், பட்டன், லேபிள் ஒட்டுகிறேன். நிறம் சரிபார்க்கச் சாயம் போட்டு வரும் லேப் டிப் துணுக்குகளுக்கு நம்பர் எழுதுகிறேன். கூரியர் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். ஆர்டர் கொடுக்கும் பையர் வரும் நாளில் மட்டும் எங்களை 'டிசைன் டீம்' என்று அறிமுகப்படுத்துகிறார்கள்!

சம்பளம் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் அப்பா காசு. லேப்டாப்பும் நம்முடையதாம், அதில் போட வேண்டிய சாஃப்ட்வேரும் நம் செலவாம். அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) என்று எடுத்தால், 2019-இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் தர வேண்டும். இன்டர்ன் என்று பெயரை மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5,000 உண்டே என்று பார்த்தால், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்றிருந்தது. படிக்கும்போது கட்டாயம் செய் என்கிறது கல்லூரி, படித்துக்கொண்டிருந்தால் வராதே என்றது திட்டம். அப்புறம் நாங்கள் எங்கேதான் போவது?

இத்தனைக்கும் கற்றுக்கொள்ள அங்கே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. எரிச்சலே அதில்தான். ஒருநாள் டீ டைமில், துணி வெட்டுவதற்கான அளவு வடிவம் (பேட்டர்ன்) போடும் பேட்டர்ன் மாஸ்டர் ஒரு டி-ஷர்ட்டைக் காட்டி, "ஏங்கண்ணு, தொவைச்சதும் இந்தப் பக்கத் தையல் ஏன் முறுக்கிட்டு முன்னாடி வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். நூலில் ஏற்றிய முறுக்கு துவைக்கும்போது தளர்ந்து சிங்கிள் ஜெர்சி என்ற டி-ஷர்ட் பின்னல் துணியைச் சாய்த்து இழுக்கிறது என்று துணியை விரித்துக் காட்டினார். துணி எவ்வளவு சுருங்கும் என்று முதலில் துவைத்துப் பார்த்து, அதற்கேற்பப் பேட்டர்னைப் பெரிதாக்குவதையும் சொன்னார். மூன்று வருட வகுப்பில் இப்படி ஒருவரும் புரிய வைக்கவில்லை. டீ டம்ளர் காலியாவதற்குள் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து, "இங்க என்ன அரட்டை? ஷிப்மென்ட் நிக்குது, போய் ஸ்டிக்கர் ஒட்டும்மா" என்றார். அதோடு சரி. மாஸ்டர் பக்கம் போகவே விடவில்லை.

கல்லூரி மட்டும் யோக்கியமா? பொறுப்பு ஆசிரியர் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. இன்டர்ன்ஷிப் காலத்துக்கும் செமஸ்டர் ஃபீஸ் முழுசாக வாங்கினார்கள், எதைச் சொல்லிக் கொடுப்பதற்கு? ஆனால் ரிப்போர்ட் மட்டும் நூலிலிருந்து பேக்கிங் வரை படம் போட்டு ஸ்பைரல் பைண்டிங்கில் வேண்டும். சாயம் போடும் டையிங் யூனிட் வாசலைக்கூடப் பார்க்காத நாங்கள் எதை எழுதுவது? சீனியர் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றுகிறோம். அது அவர்களுக்கும் தெரியும். (சிலரிடம் கம்பெனியே காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுக்கிறது. அந்தக் கூத்து தனிப் பதிவு.)

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "கம்பெனியப் பகைச்சுக்காதம்மா, அடுத்த பேட்ச்சுக்கும் அங்கதான் சீட் பேசி வச்சிருக்கோம்" என்கிறார்.