1786 ஒப்பந்தம் நிலம் தரவில்லை
மொரோக்கோவும் அமெரிக்காவும் 1786இல் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தம், அமெரிக்காவில் தங்களை 'மூர்'கள் (மொரோக்கோ உள்ளிட்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்களைக் குறிக்கும் பழைய சொல்) என்று அழைத்துக்கொள்வோருக்குப் பூர்விக நில உரிமையை அளிக்கிறது என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல.

ஒப்பந்தம் உண்மையானது, 1787இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்றது. ஆனால் அது பேசுவது கப்பல்கள், வணிகம், போர்க் கைதிகள், தூதர்கள் பற்றி. நில உடைமை பற்றி ஒரு வரிகூட இல்லை. 21ஆம் பிரிவைப் பாருங்கள்: அமெரிக்கர் ஒரு மூரைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, மூர் அமெரிக்கரை அப்படிச் செய்தாலோ, நாட்டின் சட்டமே செல்லும் என்கிறது. மூர்களுக்கு நாட்டுச் சட்டத்திலிருந்து தனி விலக்கு எங்கே இருக்கிறது?

யேல் சட்டக் கல்லூரியின் அவலான் இணையத்தளத்தில் முழு வாசகமும் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 25 சிறு பிரிவுகள்தான். அந்த நில உரிமைக் கதையை நம்பி யாரோ ஒருவர் பிறர் வீட்டுக்குள் குடியேறி வழக்கில் சிக்குவதற்கு முன், தயவுசெய்து ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.