கேமரா விக்கிறீங்களா, கதை விக்கிறீங்களா?

சென்னையில் கேமரா வாங்கப் புதிது, பழையது, ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) என்று மூன்று வழி இருக்கிறதாம். யார் சொன்னது? எந்தப் பக்கம் போனாலும் எதிரில் இருப்பவர் சொல்லும் கதையை நம்பித்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. விலை மட்டும்தான் மாறுகிறது.

முதலில் பழையது. விளம்பரங்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போலவே இருக்கும். "சிங்கிள் ஹேண்ட் யூஸ், வீட்டு ஃபங்ஷனுக்கு மட்டும் எடுத்தது, ஒரு ஸ்கிராட்ச் இல்லை, பாக்ஸ் இருக்கு, பில் மிஸ்ஸிங்." அட்டைப்பெட்டி, அதற்குள் இருந்த பிளாஸ்டிக் உறை, பிரித்தே பார்க்காத கையேடு என்று எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அந்த ஒரு தாள் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? திருட்டுப் பொருளோ என்று கேட்டால் கோபம் வேறு வருகிறது. பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போனால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

அடுத்து ஷட்டர் கவுண்ட், அதாவது கேமராவுக்குள் இருக்கும் திரை இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு. நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே அந்த எண் பதிவாகியிருக்கும். ஒரு ஒரிஜினல் ஜேபெக் கிடைத்தால் போதும். கேனனில் பல மாடல்களில் அது கிடையாது, கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். சரி, நிக்கான்தானே, ஒரு படம் அனுப்புங்கள் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது படத்தைச் சுருக்கி உள்ளே இருந்த விவரத்தை எல்லாம் உதறிவிட்டுத்தான் கொண்டுவந்து சேர்க்கும். "டாக்குமெண்டாக அனுப்புங்க ப்ரோ" என்று கேட்டுப் பாருங்கள். நீல டிக் விழும், பதில் வராது.

நிக்கான் டி750-இன் ஷட்டர் 1,50,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டியும் ஓடலாம், அதற்கு முன்பே போகவும் செய்யலாம், அது வேறு விஷயம். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்று வைத்தாலும் 50 கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்தது. முகூர்த்த மாதங்களில் ஓயாமல் ஓடும் ஒரு ஸ்டுடியோவுக்கு 50 கல்யாணம் எத்தனை நாள் தாங்கும்? லென்ஸைக் கழற்றிய அந்த பாடிதான் அப்புறம் "வீட்டு ஃபங்ஷன்" கேமரா ஆகிறது. எந்த வீட்டில் ஐயா இத்தனை ஃபங்ஷன்?

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தபிறகு இதில் இன்னொரு தந்திரம் சேர்ந்திருக்கிறது. "வெறும் எட்டாயிரம் கிளிக்தான் ப்ரோ!" உண்மையாகவே எட்டாயிரமாக இருக்கலாம். ஆனால் வீடியோவுக்கு ஷட்டர் கவுண்ட் ஏறாது. திரை அசையாமலே எடுக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்ததும் பல மாடல்களில் அந்தக் கணக்கில் வராது. ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் கிம்பலில் ஏற்றி, மண்டபத்துப் புழுக்கத்தில் காலையிலிருந்து இரவு ரிசப்ஷன் வரை 4கே ஓட்டியிருப்பார்கள். கவுண்டைப் பார்க்காதீர்கள், வீடியோ எடுக்கும்போது மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். போர்ட் தொளதொளவென்று இருந்தால் அந்த கேமராவின் வரலாறு மொத்தமும் அங்கே இருக்கிறது.

லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பழையது வாங்குவதில் தயக்கமே இல்லை. நன்றாக வைத்திருந்த லென்ஸ் இருபது வருடம் கழித்தும் வேலை செய்யும். பாடியின் ஆயுசு வேறு, லென்ஸின் ஆயுசு வேறு. ஆனால் நாம் இருப்பது கடலோர ஊர். டிரை கேபினெட்டில் 40, 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டியதைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பார்கள். பங்கஸ் என்கிற பூஞ்சை வராமல் என்ன வரும்? டார்ச் அடித்துப் பார்க்கிறேன் என்றால், "டார்ச் அடிச்சா எந்த லென்ஸும் பாஸ் ஆகாது சார்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. எல்லா லென்ஸிலும் தெரிவது தூசி. புள்ளி புள்ளியாக இருக்கும், படத்தை ஒன்றும் செய்யாது. பங்கஸ் நூல் நூலாகக் கிளைவிட்டுப் படரும். கோட்டிங்கைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது; வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப்போகும். "அது போட்டோல தெரியாது ப்ரோ." அப்படியானால் நீயே வைத்துக்கொள்ளேன், ஏன் விற்கிறாய்?

ரீஃபர்பிஷ்டு கதைதான் என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது. அமெரிக்காவில் கேனனும் நிக்கானும் தாங்களே சரிபார்த்து, தங்கள் கடையிலேயே உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். அங்கே அதற்கு ஒரு பொருள் உண்டு. இங்கே எனக்கு வந்து சேர்ந்த ஒன்றில் கிரிப் ரப்பரைப் புதிதாக ஒட்டிய பசை வழிந்திருந்தது. பேட்டரி யாருடையதோ. வியூஃபைண்டர் முழுக்கத் தூசி. என்ன ரிப்பேர் செய்தீர்கள் என்று கேட்டால் "மல்டி பாயிண்ட் செக் பண்ணிருக்கோம் சார்." செக் பண்ணியது சரி, எதையாவது மாற்றினீர்களா? அதற்கு மட்டும் பதில் இல்லை. நிக்கான் டி600-இல் சென்சாரில் புள்ளிகள் விழும் தொல்லை இருந்தது. 2014 பிப்ரவரியில் நிக்கானே, உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. இன்றைக்கு ஒரு டி600-ஐ ரீஃபர்பிஷ்டு என்று விற்பவரிடம் அந்த ஷட்டர் மாற்றியதா என்று கேளுங்கள். "அப்படி ஒரு பிராப்ளமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

புதிதாகவே வாங்கித் தொலைக்கலாம் என்று போனால், "பில் வேணுமா, வேணாமா? பில்லுன்னா ரேட் வேற." 2019 ஜனவரியில் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனது. அந்தப் பதினெட்டையும் மிச்சம் பிடிக்க கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வராதது. இந்திய வாரண்டி கிடையாது, "ஷாப் வாரண்டி" உண்டு. கடை இருக்கும்வரை.

சரி, கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆரை, அதாவது கண்ணாடி வைத்த பழைய வகை கேமராவை, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம் என்று ஒரு கவுண்டருக்குப் போனேன். பின்பக்க டயல் சில நேரம் சிக்கும் என்று நானாகவே சொன்னேன். "டிஎஸ்எல்ஆருக்கு மார்க்கெட்டே இல்ல சார், எல்லாம் மிரர்லெஸ் ஆயிடுச்சு" என்று முதலில் ஒரு வெட்டு, அந்த டயலுக்காக இன்னொரு வெட்டு. கொஞ்ச நாள் கழித்து அதே கடை ஷோகேஸில் அதே பாடி, அடியில் என் கையால் விழுந்த கீறலோடு. விலை எனக்குக் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் "ரீஃபர்பிஷ்டு, மின்ட் கண்டிஷன்" என்று இருந்தது. எடுத்து டயலைத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் சிக்குகிறது.