நாய்க்கு அழுதா உங்களுக்கு என்ன நட்டம்?

அந்த வீடியோவ இன்னமும் ஷேர் பண்ணிக்கிட்டே இருக்கீங்க. மிருக கிளினிக் வாசல்ல செத்த நாய்க்குட்டியத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு அந்த அக்கா கதறுறாங்க, கீழ வரிசையாச் சிரிப்பு எமோஜி. போதாததுக்கு, "காசையும் புடுங்கிட்டுக் கொன்னுட்டாங்க"ன்னு அங்க வேலை செய்யிற தம்பியோட படத்தையும் போட்டு ஆளாளுக்கு ஏச்சு.

நாய் செத்தாலும் அது துக்கம்தான். அழுறவங்கள அழ விடுங்க.

குட்டிக்கு வந்தது பார்வோங்கிற வைரஸ் நோய். அந்த வைரஸக் கொல்ல மருந்து இல்ல. சேலைன் ஏத்தி, வாந்திய நிப்பாட்டி, உடம்பு தாங்குமான்னு பார்க்கிறதுதான் வைத்தியம். குட்டி பொறந்து 6 - 8 வாரத்துலயே தடுப்பூசி ஆரம்பிக்கணும். ஆனா விசர்நாய்த் தடுப்பூசியத் தவிர வேற ஊசியப் பத்தித் தேயிலைத் தோட்டத்துல யார் வந்து சொன்னா? மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஹட்டன்லருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைக்குப் போகணும். ஆட்டோக் கூலிய நெனச்சுப் பாருங்க. இதுல அக்கா மேல என்ன பிழை? தம்பி மேல என்ன பிழை?

"மனுசனுக்கே வழியில்ல, நாய்க்கு ஒப்பாரியா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். அண்ணே, நாள் சம்பளம் 1,700 ரூபா கேட்டு நாங்களும்தான் ரோட்டுல நின்னோம். சம்பளம் கொறஞ்சா பாசமும் கொறையணுமா? "வெள்ளைக்காரன் பழக்கம்"னு இன்னொருத்தர். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல சாயம் பூசி மாலை போடுறது யாரு? அவருக்கு இது போதும்.

எங்கம்மா மணின்னு ஒரு நாய் வளர்த்தாங்க. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறப்ப கூடவே போகும். கொழுந்து நிறுக்கிற வரைக்கும் சாக்கு மேல படுத்திருக்கும். ஒரு ராத்திரி சிறுத்தை வீட்டு முன் திண்ணை இஸ்தோப்புலருந்தே தூக்கிட்டுப் போயிருச்சு. விடிஞ்சு பார்த்தா அறுந்த கயிறுதான் கெடந்துச்சு. அம்மா அன்னைக்கும் கொழுந்து எடுக்க மலைக்குப் போனாங்க. "நாய்தானே, வேற குட்டி எடு"ன்னு பக்கத்து நெரையில நின்னவங்க சொன்னாங்க. அதுக்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சே எடுக்கல. ஆனா சோறு வடிக்கிறப்ப கொஞ்சம் கஞ்சியச் செரட்டையில ஊத்தி வாசல்ல வைப்பாங்க, பிறகு அவங்களே எடுத்துக் கொட்டிருவாங்க. ரொம்ப நாளைக்கு அப்படித்தான். அந்த அக்காவப் பார்த்து நீங்க சிரிச்சப்ப எனக்கு எங்கம்மாவப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்தத் தம்பியையும் எனக்குத் தெரியும். எங்க பூனைக்குக் கடைசி ஊசி போட்டப்ப முன்னங்காலப் பிடிச்சிருந்தது அவன்தான். மூச்சு அடங்கினதும் முடி வழிச்ச எடத்தத் தடவிக் குடுத்து, பஞ்சால கண்ணத் தொடச்சு, என் கையில தந்தான். அடுத்த நிமிசம் வெளிய ஊசிக்கு நின்ன குட்டிய சிரிச்ச மொகத்தோட உள்ள கூப்பிட்டான். அவன் எங்க போய் அழுவான்?

அமெரிக்காவுல 1979லருந்து 2015 வரைக்கும் இறந்த மிருக வைத்தியர்களப் பத்தி ஒரு ஆய்வு செஞ்சாங்க. மத்த சனத்தோட ஒப்பிட்டா தற்கொலையால இறந்தவங்களோட பங்கு ஆண்கள்ல 2.1 மடங்கு, பெண்கள்ல 3.5 மடங்கு. அவ்வளவு பாரம் அந்த வேலையில. அதுக்கு மேலயா நீங்க படம் போட்டு ஏசுறீங்க?

"காசே குறியா இருக்கிற டாக்டர்மார் இல்லையா?" இருக்காங்க. அவங்ககிட்டப் போய்க் கேளுங்க. மேசை தொடைக்கிற பையன்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?

தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்கிற நம்ம சனம் அழுதா எப்பவுமே வேடிக்கைதான். வெளியாள் சிரிச்சா கொதிக்கிறோம். இந்த வீடியோவுக்குச் சிரிச்சது நம்ம பிள்ளைங்க. அதத்தான் தாங்க முடியல.

மனசு தாங்கலன்னா 1926க்கு எடுங்க, இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தோட நம்பர். நாய்க்காகவா எடுக்கிறதுன்னு வெக்கப்பட வேணாம். கிளினிக்குல வேலை செய்யிறவங்களுக்கும்தான் சொல்றேன்.

வீடியோ போட்டவங்க அழிச்சிருங்க. சனிக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு அந்தத் தம்பியையும் பார்க்கப் போறேன். டிக்கோயாப் பக்கத்து ஆளுங்க வாறதா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, சேர்ந்து போவோம்.