பாடி என்றால் குடியிருப்பு

தரங்கம்பாடிக்குப் போய் ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிற டிராவல் வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்று நான்கு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று காலை மட்டும் மூன்று பேர் அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊராச்சே, பாத்தீங்களா?" என்று. என் ஊர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிற ஊர், அவ்வளவுதான். பார்த்தேன். ட்ரோன் அழகாகப் பறக்கிறது. டேனிஷ் கோட்டை அழகாக இருக்கிறது. அப்புறம் அந்த இடம் வருகிறது. கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற ஒரு வயசான மீனவரிடம் வீடியோக்காரர் சொல்கிறார்: "அண்ணே, அந்த வலைய கொஞ்சம் ஓரமா இழுத்துப் போடுங்களேன், ஃபிரேம்ல வருது."

அவரும் எழுந்து இழுத்துப் போடுகிறார்.

ஃபிரேமில் வருகிறதாம். வராமல் வேறு எங்கே போகும்? அது அவர் வேலை செய்கிற இடம். உங்கள் அலுவலகத்துக்குள் ஒருவர் நுழைந்து, "சார், உங்க மேஜைய கொஞ்சம் நகர்த்துங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றால் என்ன சொல்வீர்கள்? செக்யூரிட்டியைக் கூப்பிடுவீர்கள். கடற்கரையில் செக்யூரிட்டி இல்லை. அதனால் நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

வீடியோவில் பின்னணிக் குரல் வேறு, 'பாடும் அலைகளின் ஊர்' என்று உருகுகிறது. சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான், இவரை மட்டும் குறை சொல்லி என்ன? ஆனாலும் சொல்கிறேன். தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்றால் பாடுவது இல்லை ஐயா, குடியிருப்பு. காட்பாடியும் வாணியம்பாடியும் என்ன கச்சேரியா செய்கின்றன? பழைய கல்வெட்டில் இதே ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். ஆட்கள் குடியிருக்கிற இடம் என்று ஊரின் பெயரே சொல்கிறது. நமக்குத்தான் அந்த ஆட்கள் ஃபிரேமில் வந்தால் உறுத்துகிறது.

இதோடு 'ஓசோன் நிறைந்த காற்று' என்று ஒரு கதை. எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! தரைமட்டத்தில் ஓசோன் நிறைந்திருந்தால் நுரையீரல் எரியும், இருமல் வரும். அங்கே மூச்சு இதமாக இருக்கிறதென்றால் அது வங்கக்கடலின் காற்று. மத்தியானம் கடலிலிருந்து கரைக்கு வீசும், ராத்திரி கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அதை அப்படியே சொன்னால் என்ன, லைக் வராதா?

இப்போது "நீ மட்டும் யோக்கியமா?" என்று ஒருவர் வருவார். வரட்டும், நானே சொல்லிவிடுகிறேன். 2009-ல் முதல் தடவை போனபோது, விடியற்காலையில் சூரியோதயம் பார்க்கிற அவசரத்தில் மணலில் விரித்திருந்த வலை மேலேயே ஷூ காலோடு நடந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "தம்பி, செருப்ப கழட்டிட்டு வாங்க" என்றார், கோயில் வாசலில் சொல்வது போல. எனக்கு முகம் சுண்டிவிட்டது. சூரியனை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிழிந்த வலையை அவர் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். இடது கை கிழிசலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும், வலது கையில் நூல் சுற்றிய ஊசி. வலையில் ஒரு கண், ஒரு முடிச்சு. அடுத்த கண், அடுத்த முடிச்சு. ஒரு முடிச்சு போட அவருக்கு இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை போலத் தெரிந்தது. நடுவில் பீடி பற்றவைக்கக்கூட அவர் காலை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கால எடுத்தா கண்ணு சுருங்கிப் போவும். எங்க விட்டோம்னு மறுபடி மொதல்லேருந்து தேடணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் இன்னொரு மடத்தனமும் செய்தேன். கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், சும்மா பேச்சுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, "சுனாமி அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் என்னவெல்லாம் செய்தது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்கதான். வேற எங்க இருப்பேன்?" என்றார். மறுபடி மீனைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்த 'வேற எங்க இருப்பேன்' இன்னும் காதிலேயே நிற்கிறது.

சரி, வீடியோவுக்கும் அதன் கீழே இருக்கிற கமெண்டுகளுக்கும் வருவோம். "டூரிஸ்ட் வந்தாத்தானே அவங்களுக்குப் பொழைப்பு" என்கிறீர்கள். எவருக்கு? ரூம் வாடகை வலை பின்னுகிறவர் கைக்கு வருகிறதா? ட்ரோன் பறந்தால் மீன் அதிகமாகக் கிடைக்கிறதா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதம் யார் வீட்டில் எப்படி உலை கொதிக்கிறது என்று எந்த டிராவல் வீடியோவிலாவது பார்த்திருக்கிறீர்களா?

"கடற்கரை சுத்தமா இருக்கணும்னு சொல்றது தப்பா?" தப்பில்லை. கரையில் மீன் கழிவும் கிடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பொறுக்கிய வரைக்கும் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் அதிகம். அதை இதோடு விடுகிறேன்.

"அங்க பாக்க என்னதான் இருக்கு, அரை நாள்ல முடிஞ்சிடுது" என்று ஒரு கமெண்ட். அதற்கு எழுநூறு லைக். வீடியோவைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏன் என்று தெரியவில்லை. முடிப்பதற்கு அது என்ன பரோட்டாவா? 1792-ல் கட்டிய வாசலில் நுழைந்து அந்த ஒற்றைத் தெருவில் கடலைப் பார்த்தபடி மெதுவாக நடந்து பாருங்கள். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வழியிலேயே இருக்கிறது. உள்ளேதான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். 1706-ல் கப்பலில் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். மதம் பரப்ப வந்தவர் என்று எனக்கும் தெரியும், அதற்காகக் கமெண்டில் கிளம்பி வராதீர்கள். நான் சொல்வது ஒன்றுதான். அவர் வந்து உட்கார்ந்தார். யாரையும் ஓரமாகப் போகச் சொல்லவில்லை.

அப்படியே மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். பாண்டியர் காலத்தில் 1306-ல் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இவ்வளவு பெரிய கல் கட்டடத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, நாம் அரை நாளில் முடித்துவிடுகிறோம்!

மணல்மேட்டில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, அடும்பு. 'புதர் மண்டிக் கிடக்குது, க்ளீன் பண்ணலாமே' என்று அதே வீடியோவில் சொன்னாரே, அந்தக் கொடிதான். அதன் இலை மானடி போலப் பிளந்திருக்கிறது என்று சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. லத்தீனில் பெயர் வைத்தவருக்கு அதே இலை ஆட்டின் காலாகத் தெரிந்திருக்கிறது. காற்று மணலை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். அதையும் க்ளீன் பண்ணுங்கள். வலையையும் இழுத்துப் போடுங்கள். கடைசியில் கடலையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், சத்தமாக இருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். என் மனைவிகூட, "ஒரு வலைக்கு இவ்ளோ பெரிய போஸ்டா?" என்கிறாள். ஆமாம், ஒரு வலைக்குத்தான்.

கடைசியாக ஒரு கமெண்ட் பாக்கி. "அவரே சிரிச்சுக்கிட்டுத்தானே நகர்த்தினார், உங்களுக்கு என்ன எரியுது?" சிரித்தார். நானும் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த, நன்றாக உடுத்திய பையன் அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால் அந்த வயசுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? அந்தச் சிரிப்பை சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று இன்னொரு தடவை பாருங்கள். ட்ரோன் மேலே ஏறுவதற்குள் ஒரு நொடி தெரிகிறது. ஊசியை வாயில் கவ்விக்கொள்கிறார். குனிந்து, கட்டைவிரலில் மாட்டியிருந்த வலையைக் கழற்றுகிறார்.